கோட்டு அடித்தலும் பெயில் போடுதலும்

பரீட்சையில் தவறியவனை எழுத்துத் தமிழ் ‘தோல்வியுற்றான்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பேச்சில் அவன் ‘கோட்டு அடிச்சவன்’. ஒரே வகுப்பில் இரண்டாம் வருஷமும் உட்கார்ந்தவனுக்குப் பள்ளிக்கூடம் சூட்டிய பெயர் இது. வேடிக்கையான சொல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

‘அடி’ என்கிற வினையைக் கவனியுங்கள். காப்பி அடிச்சான், கட் அடிச்சான், அரட்டை அடிச்சான், கோட்டு அடிச்சான். எல்லாமே பையன் தானாக, திமிரோடு செய்கிற காரியங்கள். தோல்வியையும் இந்த வரிசையில் சேர்த்துவிட்டால் வாத்தியாருக்கும் பாடப்புத்தகத்துக்கும் அதில் பங்கில்லாமல் போகிறது. வீட்டில் நிலமும் டியூஷனுக்குக் காசும் இருக்கிறவன் ‘நான் மூணு கோட்டு அடிச்சவன்டா’ என்று பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்லலாம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு கோட்டோடு படிப்பு முடிந்தது. மறுநாளே மாடு மேய்க்க, இல்லாவிட்டால் செங்கல் சூளைக்கு.

எங்கள் தெருப் பெண்கள் இந்தச் சொல்லைப் பேசி நான் கேட்டதில்லை. ‘எம்புள்ளய பெயில் போட்டுட்டாங்க’ என்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான். நான் படித்த பள்ளியின் வாத்தியார் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார்: ‘யாரு போட்டது? அவனா வாங்குனது.’ படிக்காதவளின் பிழை என்று அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு அதுதான் சரியான இலக்கணம். ‘போடு’ அதிகாரத்தின் வினை. வரி போட்டாங்க, அபராதம் போட்டாங்க, கேஸ் போட்டாங்க.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 8ஆம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் வந்த திருத்தம் 5, 8ஆம் வகுப்புகளில் நிறுத்திவைக்க அரசுகளுக்கு வழிவிட்டது. பெயில் என்பது மேலே இருப்பவர்கள் எடுப்பதும் போடுவதுமாக இருக்கிறது. என் அம்மா சொன்னதும் இதைத்தான்.

12ஆம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தவர் குழுமூர் அனிதா. வேறொரு பாடத்திட்டத்தை ஒட்டிய நீட் தேர்வு 2017இல் அவருக்கு மருத்துவ இடத்தை மறுத்தது. உச்ச நீதிமன்றம்வரை போனார். அந்த செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். அனிதா எந்தக் கோட்டை அடித்தார்?

படிக்காமல் தவறுகிற பிள்ளைகள் எல்லாச் சாதியிலும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாத் தோல்வியையும் பிள்ளையின் தலையிலேயே கட்டுகிற சொல்லை நாமும் எடுத்து ஆளலாமா? ‘போட்டுட்டாங்க’ என்பதில் எழுவாய் இல்லை. யார் என்று அம்மா சொல்லவில்லை. சொல்லிவிட்டு அந்த ஊரில் பிழைக்க முடியாது. நம் கதைகளிலும் தன்வரலாறுகளிலும் ‘கோட்டு அடித்தேன்’ என்று கூச்சத்தோடு எழுதுகிற தோழர்கள், போட்டது யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.