‘லேண்ட்ஸ்கேப்’பும் திணையும்: ஒரு சொல்லின் பொருளெல்லை

மலேசியத் தமிழ்ப் புதினங்களைத் திறனாய்வோர் ‘நிலக்காட்சி’ என்னும் சொல்லை ஆள்வதுண்டு. ‘லேண்ட்ஸ்கேப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக அமைந்த இச்சொல் திணைக்கும் ஈடாகுமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆங்கிலம் இச்சொல்லை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு மொழியிலிருந்து ஓவியக் கலைச்சொல்லாகப் பெற்றது. டச்சு மொழியில் முன்னர் நிலப்பகுதி என்று பொருள்பட்ட சொல், ஆங்கிலத்தில் தீட்டப்பட்ட காட்சியையும், பின்னர்க் கண்ணுக்கெட்டும் இயற்கைப் பரப்பையும் குறிக்கலாயிற்று. புவியியலார் இதன் பொருளை விரித்துள்ளனரெனினும், பொது வழக்கில் காண்பவர் நிலத்திற்கு வெளியேதான் நிற்கிறார்.

ஏ.கே. இராமானுசன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்புக்கு ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ எனப் பெயரிட்டார். திணைக்குரிய தொழில், பொழுது முதலியவற்றையும் அவர் விளக்கியுள்ளார். எனவே குறை அவருடையதன்று. அச்சொல் மீண்டும் தமிழுக்கு வரும்போது காட்சி மட்டுமே எஞ்சுகிறது.

வெளியே சென்ற சொல் உருமாறித் திரும்புவதற்கு மலாக்காவின் புக்கிட் காத்தில் என்னும் ஊர்ப்பெயரே சான்று. ‘புக்கிட்’ என்பது குன்று. ‘காத்தில்’ என்னும் மலாய்ச் சொல்லோ தமிழ்க் ‘கட்டில்’ என்பதன் திரிபு. மலாய் ஒலிப்பைத் தழுவி நாம் எழுதுவதால் கட்டில் மறைந்துவிடுகிறது. ஊர்ப்பெயரில் இதனால் இழப்பில்லை, திறனாய்வில் உண்டு.

தொல்காப்பியம் முதற்பொருளில் நிலத்தோடு பொழுதையும் வைத்தது. கருப்பொருளில் மரம், புள் ஆகியவற்றோடு தொழிலையும் சேர்த்தது. இரப்பர்த் தோட்டத்தை இவ்வளவையால் நோக்கினால் வேறுண்மை புலப்படும். பிரேசிலிலிருந்து பெறப்பட்ட விதைவழி வந்த மரத்தை, 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வணிகப் பயிராக நட்டார். ஆகவே நிரை நிரையாக நிற்கும் பால்மரங்கள் தாமாக வளர்ந்த இயற்கையல்ல. தோட்ட மக்கள் அதனைக் ‘காடு’ என்றனர். காட்டுக்குப் போதல் என்றால் வேலைக்குப் போதலே.

புதினங்களில் வரும் வைகறைப் பனியும் அத்தகையதே. வெயில் ஏறுமுன் பால் மிகுதியாக வடியுமாதலால், இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டியிருந்தது. அப்பனியை ‘இயற்கை வருணனை’ என்று பகுக்கும் ஆய்வாளர், உளியும் மங்குமாக நிற்கும் பெண்ணை வேறோர் இயலுக்கு அனுப்பிவிடுகிறார். அவளுடைய உழைப்பு ‘சமுதாயச் சிக்கல்கள்’ என்ற தலைப்பில் பேசப்படும். பனியோடு அதற்குள்ள தொடர்பு பேசப்படுவதில்லை.

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கு நடந்த வேலையின் நேரமும் முறையும் சொல்லும் பதிவுகளுள் புதினங்களும் அடங்கும். ஆதலின் தோட்ட வருணனையைக் கற்பிக்கும் ஆசிரியர், காட்சியின் அழகோடு அமையாது, அது எப்பொழுது, அங்கு நிகழும் தொழில் யாது, செய்பவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் மாணவரிடம் எழுப்புதல் வேண்டும். ‘நிலக்காட்சி’ ஓவியத்திற்கு உரியதாக இருக்கட்டும். தோட்டப் புதினத்திற்குத் திணை என்பதே பொருத்தமான சொல்.