தடையும் விடையும்: தமிழில் மதிப்புரை வந்த வழி

ஒரு நூலைப் பற்றி எழுதுமுன் அதை எப்படிப் படிப்பது? இந்தக் கேள்விக்கு நம் உரையாசிரியர்கள் எப்போதோ வழி காட்டிவிட்டார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முந்திய இளம்பூரணரோடு பல இடங்களில் முரண்படுகிறார். ஆனால் இளம்பூரணரின் கருத்து இன்னது என்று முதலில் எடுத்துவைத்த பிறகே, அது ஏன் பொருந்தாது என்று காட்டுகிறார். பரிமேலழகரும் பிறர் கொண்ட பாடத்தையும் பொருளையும் சொல்லி மறுக்கிறார். நன்னூல் பாயிரம் நூலுக்கு எண்ணும் ஏழு மதங்களில் (கொள்கை நிலைப்பாடுகளில்), பிறர் கொள்கையை ஏற்றுக்காட்டிப் பின்பு களைவதும் ஒன்று. மதிப்புரை எழுத வருபவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான். நூல் என்ன செய்ய முனைகிறது என்று அதன் ஆசிரியரே ஒப்பும்படி சொல்ல முடியாதவருக்கு, அது தவறியது என்று சொல்லும் உரிமை இல்லை.

அதே பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பெயரிட்டிருக்கிறது. ஊரையும் மனிதர்களையும் நூறு பக்கத்தில் கண்முன் நிறுத்திவிட்டு, கடைசி இருபது பக்கத்தில் சோர்ந்துபோகும் நாவல்கள் எத்தனை! அதற்கு ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைத்ததில்லை. திரட்டிய தகவலையெல்லாம் கதைக்குள் கொட்டும் சரித்திர நாவலுக்கு ‘மற்றொன்று விரித்தல்’. இந்தச் சொற்களை இலக்கண வகுப்போடு விட்டுவிட்டது நமக்கு நஷ்டம்.

கூடவே இன்னொரு மரபும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அச்சான நூல்களின் முகப்பில் வித்துவான்கள் நூலைப் புகழ்ந்து தந்த சாற்றுக்கவிகள் பக்கம் பக்கமாக நிற்கும். அரங்கேற்றத்திலோ, அவையில் இருப்பவர் தடை எழுப்பலாம். ஆசிரியர் விடை சொல்ல வேண்டும். இன்றைய வெளியீட்டு விழா அரங்கேற்றத்தின் மேடையை எடுத்துக்கொண்டு, பேச்சைச் சாற்றுக்கவியிடமிருந்து வாங்கிக்கொண்டது.

நவீன விமர்சனத்தில் க.நா.சுப்ரமண்யமும் சி.சு.செல்லப்பாவும் இரண்டு பாதைகள். க.நா.சு.வின் ‘படித்திருக்கிறீர்களா?’ போன்ற எழுத்துகள் பல நூல்களைத் தேடிப் படிக்க வைத்தன. தேர்ந்த ரசனையின் தீர்ப்பே அவருக்குப் போதும். செல்லப்பாவுக்குப் போதாது. 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய ‘எழுத்து’, படைப்பின் சொல், வடிவம், உத்தி ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்கும் அலசல் முறையை வற்புறுத்தியது. க.நா.சு.வின் பட்டியல்களுக்கு நான் மிகவும் கடன்பட்டவன். ஆனாலும் எழுதக் கற்பவருக்குச் செல்லப்பாவே நல்ல ஆசான் என்பேன். ‘பிடித்தது’ என்பதோடு நின்றால் வாசகர் நம்மை நம்பத்தான் முடியும். எந்த வரியில், எதனால் என்று காட்டினால் அவர் நம்மை மறுக்கவும் முடியும். இலங்கையில் க.கைலாசபதி ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நூலில் வேறொரு கேள்வியைச் சேர்த்தார்: இந்தக் கதை எந்தச் சமூகத்திலிருந்து, யாருடைய வாழ்விலிருந்து எழுகிறது?

இன்று பல இதழ்களில் மதிப்புரைக்குக் கிடைப்பது அரைப் பக்கம். அதிலும் பின்னட்டை வாசகமும் கதைச்சுருக்கமும் போக மிஞ்சுவது இரண்டு வரி. இதை இடப் பிரச்சினையாக மட்டும் நான் பார்க்கவில்லை. இரண்டாம் முறை படிக்காமல் எழுதுவதுதான் கோளாறு. முதல் வாசிப்பில் கதை நம்மை இழுத்துப் போகிறது. யார் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள், நடை எங்கே மாறுகிறது என்பதெல்லாம் முடிவு தெரிந்து திரும்பி வரும்போதுதான் கண்ணில் படும்.

கதைச்சுருக்கம் எதைத் தவறவிடும் என்பதற்கு ஓர் உதாரணம்: ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. பரவலான வாசகர்கள் அதைக் கண்டடைந்தது 1997இல் அவர் மறைந்த பிறகு. போர்க்காலத் தென்கிழக்காசியாவில் பாண்டியன் என்ற இளைஞனின் அலைச்சல் என்று அதன் கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொன்னால், பினாங்கில் குடித்துக்கொண்டே நண்பர்கள் தமிழ்ப் பெருமைகளை உரித்துப்போடும் நீண்ட பேச்சுகள் விட்டுப்போகும்; பழைய இலக்கியத் தொடர்கள் கேலியும் ஏக்கமுமாகக் கலந்து புரளும் நடை விட்டுப்போகும். அந்த நாவல் இருப்பதே அங்கேதான்.