அணைப்பைத் தள்ளிவிடும் பிள்ளை

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 44-ஆவது பிரிவைப் படித்தால், அதை எழுதியவர்களுக்குக் குழந்தை மனசு ஓரளவு தெரிந்திருக்கிறது என்றே தோன்றும். பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை வேறொரு குடும்பத்தில் வளர்க்கலாம். கூடப்பிறந்தவர்களைக் கூடியவரை பிரிக்கக் கூடாது. பெற்றோர் அவ்வப்போது வந்து பார்க்கலாம். அவர்கள் நிலைமை தேறினால் பிள்ளை வீடு திரும்பலாம். வளர்ப்புப் பராமரிப்பு என்று அரசு ஆவணங்கள் சொல்லும் இந்த ஏற்பாடு, தத்தெடுப்பைப் போல ஒரு குடும்பத்தை அழித்துவிட்டு இன்னொன்றை எழுதுவதில்லை. அதுதான் இதன் பெரிய பலம். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது.

காப்பகத்தைவிடக் குடும்பம் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். போனவர்கள் பல வகையில் தேறினார்கள். ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும் திறன், இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் நன்றாகவே மீண்டது. ஆனால், இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு: அந்தக் குடும்பங்களைச் சமூகப் பணியாளர்கள் விடாமல் போய்ப் பார்த்து, பிள்ளையின் அழுகைக்கும் அடத்துக்கும் என்ன செய்வது என்று கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தார்கள். வீடு மாறியதால் மட்டும் கிடைத்த பலன் அன்று அது.

பிள்ளையின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க, லண்டனில் ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதி எடுத்த படங்களைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தாய் பிரசவத்துக்குப் போன நாட்களில், ஜான் என்ற 17 மாதக் குழந்தை ஒன்பது நாள் காப்பகத்தில் இருந்தான். ஆட்கள் மாறி மாறி வந்தார்கள். ஒருவரிடமும் அவனால் ஒட்ட முடியவில்லை. தாய் திரும்பி வந்தபோது அலறி, அவளிடமே போக மறுத்தான். இரண்டேகால் வயது தாண்டிய தாமஸ், ராபர்ட்சன் வீட்டிலேயே வளர்ப்புப் பிள்ளையாகத் தங்கினான். அவனுக்குத் தன் வீட்டுப் பொருள்கள், அப்பா அம்மா படம், அவர்களைப் பற்றிய பேச்சு எல்லாம் கிடைத்தன. அப்படியும், ஜாய்ஸ் அணைக்க வந்தால் சில நேரம் தள்ளிவிடுவான். அவனைப் பொறுத்தவரை, கட்டிக்கொள்வது அம்மாவின் உரிமை. ஜாய்ஸ் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு தாமஸே மடியில் வந்து ஏறவும் செய்தான்.

நம் நாட்டில் பெரும்பாலும் ஆறு வயது தாண்டிய பிள்ளைகளைத்தான் இப்படி அனுப்புகிறார்கள். அம்மாவின் குரலும் பழைய தெருவும் நன்றாக நினைவிருக்கும் வயது. அப்படி வருகிற பிள்ளையிடம் நம் வீடுகள் முதல் வாரத்திலேயே, “இனிமே நான்தான் உனக்கு அம்மா” என்று சொல்லிவிடுகின்றன. பாசத்தில் சொல்வதுதான், ஆனால் பிள்ளைக்கு அது கட்சி மாறச் சொல்வது போலக் கேட்கும். “ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்” என்று பழமொழி சொல்லும்போதும் லாபம் தன் பிள்ளைக்குத்தான். ஊரார் பிள்ளை என்ன நினைத்தது என்று யாரும் கேட்டதில்லை. தலையணைக்கடியில் பிஸ்கட் ஒளித்து வைப்பதும், பாயில் சிறுநீர் போவதும், வேண்டுமென்றே வம்பு செய்து “இவர்களும் அனுப்பிவிடுவார்களா” என்று சோதிப்பதும் நன்றிகெட்டத்தனமாகத் தெரிவது இதனால்தான். சொன்னதையெல்லாம் கேட்டு, எதுவும் கேட்காமல் இருக்கும் பிள்ளையை யாரும் கவனிப்பதே இல்லை. எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் அதிகக் கவலை.

பெற்றவள் வந்து பார்த்துவிட்டுப் போன இரவில் பிள்ளை சாப்பிடாது, பாத்திரத்தை எறியும். “அவங்க வந்தாலே இப்படித்தான் சார், வர வேணாம்னு சொல்லுங்க” என்று வளர்ப்புக் குடும்பம் முறையிடும். நியாயமான அலுப்புதான். ஆனால், அந்த அழுகை சந்திப்பால் வந்த கெடுதல் என்பதைவிட, உள்ளே இருந்த துக்கம் வெளியே வர வழி கிடைத்தது என்று கொள்வதே பல நேரம் சரி. அடித்துத் துன்புறுத்திய பெற்றோர் விஷயம் வேறு. அங்கே சந்திப்பை நிறுத்தச் சட்டமே குழந்தைகள் நலக் குழுவுக்கு அதிகாரம் தருகிறது.

2024-இல் திருத்திய வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டு நெறிமுறைகள், வளர்ப்புக் குடும்பம் தன்னிடம் வளரும் பிள்ளையைத் தத்தெடுப்பதற்கான காத்திருப்பை ஐந்து ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைத்தன. தனியாக வாழ்பவர்களுக்கும் கதவைத் திறந்தன. இரண்டாவதை முழு மனதோடு வரவேற்கிறேன். முதலாவதில் தயக்கம் உண்டு. திரும்பிப் போக வீடே இல்லாத பிள்ளைக்கு அது வரம். அப்பா குடியிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் பிள்ளைக்கோ, கணக்கு சீக்கிரம் முடிக்கப்படுகிறது. தத்தெடுக்கும் ஆசையோடு வருகிறவர், பெற்றவள் தேறி வர வேண்டும் என்று எப்படி மனசார விரும்புவார்?

இதைவிடப் பெரிய ஓட்டை அதே 44-ஆவது பிரிவில் இருக்கிறது. மாதந்தோறும் குழந்தைகள் நலக் குழு ஆய்வு செய்ய வேண்டும். கவனிப்பில் குறை கண்டால் பிள்ளையை எடுத்து வேறு குடும்பத்தில் சேர்க்க வேண்டும். கொடுமை நடக்கும் வீட்டுக்கு இது சரி. திணறும் வீட்டுக்கு? உதவி கேட்டால் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரிந்த குடும்பம் வாயே திறக்காது. இடம் மாறும் ஒவ்வொரு முறையும் பிள்ளை அடுத்த வீட்டில் ஒட்டுவதற்கு இன்னும் யோசிக்கும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறது. அது சோற்றுக்கும் துணிக்கும் ஆகும். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அழும்போது கூப்பிட, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெயர் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். மாத ஆய்வுக்கு வருகிறவரிடமிருந்து அவர் வேறு ஆளாகவும் இருக்க வேண்டும்.