தன் முதுகு தனக்குத் தெரியுமா? கணினி மேசைச் சுயமதிப்பீடு: ஒரு விமர்சனப் பார்வை

அலுவலகத்தில் நாள் முழுதும் கணினி முன் அமர்பவர்களிடம் சில நிறுவனங்கள் ஒரு படிவத்தைக் கொடுக்கின்றன. நாற்காலி, மேசை, திரை, விசைப்பலகை, சுட்டி, வெளிச்சம் என்று தலைப்புகள் இருக்கும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் சில கேள்விகள். பக்கத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டு கட்டங்கள். பணியாளர் தாம் அமரும் இடத்தைத் தாமே சோதித்துக் குறியிட்டு, கீழே கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். வேலையிடப் பாதுகாப்பில் இதைச் சுயமதிப்பீடு என்கிறார்கள்.

மதிப்பெண் பதிவு, வருகைப் பதிவு, அறிக்கை என எல்லாமே கணினிக்குப் போய்விட்ட காலம் இது. ஆகவே, இது பள்ளி அலுவலகக் கிராணியின் விஷயம் மட்டுமல்ல. ஆசிரியர் அறையில் மடிக்கணினிமேல் குனிந்து உட்கார்ந்திருக்கும் நம் விஷயமும்தான்.

இந்த முறை சரியா? நம்மிடம் இரண்டு பழமொழிகள் உண்டு. ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பது ஒன்று. ‘தன் முதுகு தனக்குத் தெரியாது’ என்பது மற்றொன்று. முதலாவது சுயமதிப்பீட்டுக்கு ஆதரவாகப் பேசுகிறது. இரண்டாவது எதிராகப் பேசுகிறது. இரண்டுமே உண்மை என்பதுதான் சிக்கல். என் கருத்து இதுதான்: சுயமதிப்பீடு ஒரு மதிப்பீட்டின் தொடக்கமாக இருக்கும்வரை நல்லது. அதுவே முடிவாகிவிட்டால், முதலாளி செய்ய வேண்டிய கடமை பணியாளரின் கையொப்பத்துக்குள் மறைந்துவிடுகிறது.

சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது?

பிரிட்டனில் கணினித் திரை முன் வேலை செய்வோருக்கென 1992-ஆம் ஆண்டிலேயே தனி விதிகள் வந்தன. அந்த விதிகளின்படி வேலையிடத்தை ஆராயும் பொறுப்பு முதலாளியுடையது. பணியாளரே ஒரு சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பலாம். ஆனால், அதற்கு முன் அவருக்குப் பயிற்சி தரப்பட வேண்டும், அவர் ‘இல்லை’ என்று குறித்தவற்றைப் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் கவனிக்க வேண்டும். அந்நாட்டு அதிகாரிகள் வெளியிட்ட பட்டியலில் கேள்விக்குப் பக்கத்திலேயே ‘எடுக்க வேண்டிய நடவடிக்கை’ என்று ஒரு பத்தியும் இருக்கிறது.

மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 1 ஜூன் 2024 முதல் நடப்புக்கு வந்தது. இடர் மதிப்பீடு செய்யும் கடமையை இது முதலாளியின் மீதே வைக்கிறது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரி இல்லாவிட்டால், பணியாளர்களுள் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2017-இல் வெளிவந்த உடலியக்க இடர் மதிப்பீட்டு வழிகாட்டியில் பணியாளர் தமக்கு உடம்பில் எங்கே வலிக்கிறது என்று தாமே குறிக்கும் படிவம் உண்டு. ஆனால், மதிப்பீட்டைச் செய்பவர் பயிற்சி பெற்ற இன்னொருவர்.

இரண்டு நாட்டிலும் முறை ஒன்றுதான். வலியைச் சொல்வது பணியாளர். பார்த்து ஆவன செய்வது நிர்வாகம். சில அலுவலகங்களில் இந்த இரண்டாம் பாதி காணாமல் போய்விடுகிறது.

ஓர் அக்காவின் படிவம்

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். ஐந்தடிக்கும் குறைவான உயரம். கொஞ்ச காலமாகத் தோள்வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். “ஆபீஸ்ல இதைப் பத்தி யாரும் கேக்கலையா அக்கா?” என்றேன்.

“கேட்டாங்களே. பாரம் குடுத்தாங்க. எல்லாத்துக்கும் ‘ஆம்’ போட்டுக் குடுத்துட்டேன்.”

“தோள் வலிக்குதுன்னு சொல்றீங்க, எப்படி எல்லாத்துக்கும் ‘ஆம்’ போட்டீங்க?”

“நாற்காலி வசதியா இருக்கான்னு கேட்டிருந்துச்சு. பத்து வருஷமா அதே நாற்காலிதான், பழகிப்போச்சு. தோள் வலிக்குதான்னு எதுவும் கேக்கலையே!”

பிறகு மெதுவாக இன்னொன்றையும் சொன்னார்: “இல்லைன்னு போட்டா யாரு வந்து பாக்கப் போறாங்க? நாம்தான் குறை சொல்றவங்கன்னு பேராகிடும்.”

இந்த நான்கு வரிப் பேச்சில் படிவத்தின் குறைகள் எல்லாமே வந்துவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் குறை: தீர்ப்பைக் கேட்கும் கேள்விகள்

‘வசதியான’, ‘சரியான’, ‘போதுமான’ ஆகிய சொற்கள் படிவங்களில் அடிக்கடி வருகின்றன. இவை பார்த்ததைச் சொல்லும் சொற்கள் அல்ல. தீர்ப்புச் சொல்லும் சொற்கள். சரியான உயரம் எது என்று தெரிந்தவர்தான் ‘சரியாக இல்லை’ என்று சொல்ல முடியும். தெரியாதவர் பழக்கத்தையே வசதி என்று நினைத்துக்கொள்வார்.

அக்காவின் சிக்கலையே எடுத்துக்கொள்வோம். அலுவலக மேசையின் உயரத்தை மாற்ற முடியாது. நாற்காலியைத் தாழ்த்தினால் பாதம் தரையில் படும். ஆனால், மேசை உயர்ந்துவிடுவதால் தோளைத் தூக்கிக்கொண்டு தட்டச்சு செய்ய வேண்டும். நாற்காலியை உயர்த்தினால் தோள் தளரும். ஆனால், கால் அந்தரத்தில் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தும். உயரம் குறைந்தவருக்கு இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே சமயத்தில் ‘ஆம்’ என்று பதில் வராது. படிவம் இவற்றைத் தனித்தனியாகக் கேட்டதால், அவரும் தனித்தனியாக ‘ஆம்’ போட்டுவிட்டார். நாற்காலியை உயர்த்தி, காலுக்குக் கீழே ஒரு பலகை வைத்தால் தீரும் சிக்கல் இது.

கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும். கீழே சில எடுத்துக்காட்டுகள்:

பழையது: நாற்காலி வசதியாக உள்ளதா?
மாற்று: தோளைத் தளர்த்தி, முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்துங்கள். இப்போதும் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படுகின்றனவா?

பழையது: திரை சரியான உயரத்தில் உள்ளதா?
மாற்று: நிமிர்ந்து அமர்ந்து நேரே பாருங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கிறதா? திரை ஏறக்குறைய ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கிறதா?

பழையது: வெளிச்சம் போதுமானதா?
மாற்று: திரையை அணைத்துவிட்டுப் பாருங்கள். சன்னலோ விளக்கோ அதில் பிரதிபலிக்கிறதா?

பழையது: போதுமான ஓய்வு எடுக்கிறீர்களா?
மாற்று: நேற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்காமல் எத்தனை முறை வேலை செய்தீர்கள்? ஏன் எழ முடியவில்லை?

மாற்றுக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நிபுணராக இருக்க வேண்டியதில்லை. செய்து பார்த்தால் போதும்.

இரண்டாம் குறை: படிவம் பார்க்காத நேரம்

படிவம் காலையில் வருகிறது. உடம்பு களைப்பில்லாமல் இருக்கும் நேரம் அது. ‘எப்படி உட்கார்ந்திருக்கிறாய்?’ என்று கேட்டவுடனே எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம். ஆனால், மாலை மூன்று மணிக்கு, மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் அவசரத்தில், கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டு அமர்வதை நாமே கவனிப்பதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இங்கே உவமை அல்ல, அப்பட்டமான உண்மை. பக்கத்து மேசைக்காரர் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துக் காட்டினால், பத்துக் கேள்விகள் சொல்லாததை அது சொல்லிவிடும்.

வேலையின் அளவைப் பற்றியும் படிவங்கள் அதிகம் கேட்பதில்லை. நல்ல நாற்காலியில் அமர்ந்தாலும் மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் வலி வரத்தான் செய்யும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 20 நிமிடம் ஓய்வெடுப்பதைவிட, மணிக்கு ஒரு முறை 5 முதல் 10 நிமிடம் வேறு வேலைக்கு மாறுவது நல்லது என்று பிரிட்டிஷ் வழிகாட்டி அறிவுறுத்துகிறது. அப்படி எழுந்து போக மேலாளர் அனுமதிப்பாரா என்பதை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

மடிக்கணினிக்கும் இதே கதிதான். அதில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருக்கின்றன. திரையை உயர்த்தினால் கை உயரும். கையைத் தாழ்த்தினால் கழுத்துக் குனியும். நீண்ட நேரம் பயன்படுத்துபவருக்குத் தனி விசைப்பலகையும் சுட்டியும் தேவை. வெள்ளெழுத்துக்காக மேலும் கீழும் வெவ்வேறு பார்வை கொண்ட கண்ணாடி அணிபவர், கீழ்ப்பகுதி வழியே பார்க்கத் தலையை அண்ணாந்து வைத்திருப்பார். அவருக்குத் திரையைத் தாழ்த்த வேண்டியிருக்கும். எல்லாருக்கும் ஒரே அளவு என்று எழுதிய படிவம் இவரைத் தவற விட்டுவிடும்.

மூன்றாம் குறை: ‘இல்லை’ போட்டால் என்ன ஆகும்?

‘ஆம்’ போட்டால் வேலை முடிந்தது. ‘இல்லை’ போட்டால் விளக்கம் எழுத வேண்டும், மேலாளரைப் பார்க்க வேண்டும், “செலவாகுமே” என்ற முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்பவருக்கு இது இன்னும் பயம். எனவே, எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ விழுந்த ஒரு படிவம் மேசை நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது. நிர்வாகத்தின்மேல் நம்பிக்கை இல்லை என்பதற்கும் அது சான்றாக இருக்கலாம்.

அப்படியானால் சுயமதிப்பீடு வேண்டாமா?

வேண்டும். இருநூறு மேசைகள் உள்ள அலுவலகத்தில் ஒருவரே ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது சிரமம். வலி எங்கே, எப்போது வருகிறது என்று அமர்பவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. நாற்காலியின் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்றே பலர் படிவம் வந்த பிறகுதான் தேடிப் பார்க்கிறார்கள். அதுவும் ஒரு நன்மைதான்.

ஆனால், மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, படிவத்துக்கு முன் அரை மணி நேரமாவது செய்து காட்டிப் பயிற்சி தர வேண்டும். இரண்டாவது, ‘எங்கே வலிக்கிறது?’ என்ற கேள்வி படிவத்தின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மூன்றாவது, படிவத்தைப் படித்துப் பார்ப்பவர் யார், எந்தத் தேதிக்குள் பதில் தருவார் என்பது படிவத்திலேயே இருக்க வேண்டும். பணியாளரின் கையொப்பத்துக்குக் கீழே அவருடைய கையொப்பமும் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. மாணவர்களிடம் சுயமதிப்பீட்டுத் தாள் கொடுக்கிறோம். ‘எனக்குப் புரிந்தது’ என்ற முகத்துக்கு எல்லாரும் வண்ணம் தீட்டிவிட்டால், பாடம் முடிந்தது என்று நாம் போய்விடுவதில்லை. நோட்டைத் திறந்து பார்க்கிறோம். அலுவலகப் பணியாளருக்கும் அந்த மரியாதையைத்தான் கேட்கிறோம்.

தேர்வு மாணவர்களுக்கு

கருத்து விளக்கக் கட்டுரையோ விவாதக் கட்டுரையோ எழுதும்போது, ஒரு முறையை ‘நல்லது’ அல்லது ‘கெட்டது’ என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். எந்த நிபந்தனையில் அது நல்லது, எப்போது கெடுகிறது என்று எழுதுங்கள். உங்கள் கட்டுரையைச் சரிபார்க்கும்போதும் இதே விதிதான். ‘என் கட்டுரை நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘ஆம்’ என்றுதான் மனம் சொல்லும். ‘ஒவ்வொரு பத்தியிலும் ஒரு முதன்மைக் கருத்தும் அதற்கு ஓர் எடுத்துக்காட்டும் உள்ளனவா?’ என்று கேட்டுப் பாருங்கள்; விடுபட்டது தெரியும். பிறகு அதை ஒரு நண்பரிடமும் படிக்கக் கொடுங்கள்.

அக்கா இப்போது நாற்காலியை உயர்த்திக்கொண்டு, தாள் நிறைந்த ஏ4 பெட்டி ஒன்றின்மேல் கால் வைத்து அமர்கிறார். வலி குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. படிவத்தைத் திரும்ப வாங்கி இரண்டு ‘ஆம்’களை ‘இல்லை’ என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதைப் படித்துப் பார்க்க இன்னும் யாரும் வரவில்லை.