தம் அணியைப் பற்றி ஒரு கடிதம்

1936இல் மூண்ட ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று போரிட அயல்நாட்டார் பலர் தாமாக முன்வந்தனர். நாக்பூரின் கோபால் முகுந்த் ஹுத்தாரும் அவர்களுள் ஒருவர். பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல் 1936 ஆகஸ்டிலேயே அரகோன் போர்முனை சென்றார்.

மயோர்க்காத் தீவில் ஃபிராங்கோ தரப்பினர் புரிந்த கொலைகளைக் கண்டு மனம் கொதித்துக் கத்தோலிக்க எழுத்தாளர் பெர்னானோஸ் 1938இல் ஒரு நூல் எழுதினார். அதைப் படித்த வெய்ல், அவருக்கு வரைந்த கடிதத்தில் அத்தரப்பைச் சாடவில்லை. தம் தோழர்களின் கொலைகளையே எழுதினார். தியாக எண்ணத்தோடு சென்றவர், கூலிப்படைப் போரினும் கொடியதொன்றில் வீழ்கிறார் என்பது அவர் கண்ட உண்மை.

ஏறத்தாழ 6,800 குருக்களும் துறவியரும் கொலையுண்ட போர் அது. ஒரு குருவானவர் கொல்லப்படவிருந்த வேளையில், வாளாவிருப்போமா, தடுக்க முயன்று மடிவோமா என வெய்ல் தம்மையே வினவினார். தற்செயலாய் அக்கொலை நின்றது. தடுத்திருப்பேன் என்று எழுதி நம்மைக் கவர்வது எளிது. என்ன செய்திருப்பேனென அறியேன் என்றே எழுதினார்.