சிறுகதையில் கருப்பொருள் காணல்: கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை முன்வைத்து

சிறுகதை கற்பிக்கப்படும் வகுப்பறைகளில் 'கருப்பொருள்' என்னும் சொல் மிகுதியாகப் புழங்கி வருகிறது. ஆயினும் அச்சொல்லால் வெவ்வேறான மூன்று கூறுகள் சுட்டப்படுவதைக் காண்கிறோம். கதை எதைப் பற்றியது என்பது பாடுபொருள். கதையிலிருந்து வாசகர் பெற்றுக்கொள்ளும் அறிவுரை படிப்பினை. பாடுபொருளைக் குறித்துக் கதை கொண்டுள்ள பார்வையே கருப்பொருள். முதலிரண்டையும் கருப்பொருளாகக் கொள்ளும் வழக்கத்தால், 'அன்பு', 'வறுமை', 'தியாகம்' என்னும் ஒற்றைச் சொற்கள் தேர்வு விடைகளில் நிறைந்துவிடுகின்றன. கதையைப் படிக்காமலே, தலைப்பை மட்டும் கொண்டு எழுதத்தக்க விடைகள் இவை. சிக்கல் இங்கேதான் உள்ளது.

இக்குழப்பத்தில் கலைச்சொல்லுக்கும் ஓரளவு பங்குண்டு எனலாம். தொல்காப்பியம் கருப்பொருள் என்று குறிப்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலிய நிலஞ்சார்ந்த பொருள்களையே. இன்று நாம் கருப்பொருள் என்று வழங்குவதற்கு நெருங்கியது உரிப்பொருளாகும். வேரூன்றிவிட்ட வழக்கை மாற்றுதல் நம் நோக்கமன்று. ஆனால் பழைய பாகுபாட்டிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். கருப்பொருளின் வழியே குறிப்பாகப் பிறக்கும் பொருளை இறைச்சி என்றனர் நம் முன்னோர். சுனையும் வேங்கையும் யானையும் தாமாக எதையும் கூறுவதில்லை. அவை வைக்கப்பட்ட இடம் கூறுகிறது. சிறுகதையில் வரும் பொருள்களையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும்.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' இதற்கு ஏற்ற சான்று. 1950களில் மலாயாவில் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றி, இங்குள்ள எழுத்தாளர்களுக்குச் சிறுகதைக் கலையில் வழிகாட்டிய அவர் நமக்கு அயலார் அல்லர். இக்கதையின் பெயர் தாங்கிய தொகுப்பிற்கு 1970ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது, அவரது மறைவிற்குப்பின் வழங்கப்பட்டது.

கதைசொல்லி புத்தகங்களோடு வாழ்பவர். அண்டை வீட்டுக் குழந்தைகள் அவரை மொய்க்கின்றனர். அவரும் அவர்களிடம் உள்ளன்போடு பழகுகிறார். அவர்களுள் இருவருக்கு மட்டும் டைரி பரிசளிக்கிறார். சாரங்கன் என்னும் சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. பின்னர் அச்சிறுவன் அவரைத் தன் வீட்டிற்கு அழைத்து, தானே ஒரு டைரியை எடுத்துத் தந்து, அதில் தன் பெயருக்கு அவர் எழுத வேண்டிய அன்பளிப்பு வாசகத்தையும் தானே சொல்கிறான். கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

'குழந்தைகளிடம் பாகுபாடு காட்டலாகாது' என்பதே இக்கதைக்குப் பொதுவாக எழுதப்படும் விடை. இது படிப்பினை, தவறான படிப்பினையுமன்று. ஆனால் கதை இதற்குள் அடங்குவதில்லை. கதைசொல்லி கொடியவராக இருந்திருப்பின் இவ்விடை போதியதாகும். அவரோ அன்பு மிக்கவர். தம் அன்பைத் தாமே உணர்ந்து மகிழ்பவர். அம்மகிழ்ச்சியே ஒரு சிறுவனின் ஏக்கத்தை அவர் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. கதை தன்மையிடத்தில் சொல்லப்படுவதால், அவர் காணாததை நாமும் காணாமலே படித்துச் செல்கிறோம். இறுதியில் சாரங்கன் பேசும்பொழுது அவரோடு நாமும் பிடிபடுகிறோம். நோக்குநிலை இங்கு வெறும் உத்தியாக நில்லாமல் கருப்பொருளின் பகுதியாகிவிடுகிறது. 'உத்தி', 'கருப்பொருள்' எனத் தனித்தனிக் கட்டங்களிட்டுப் பாடக்குறிப்பு எழுதும் நம் பழக்கத்தால் இது நழுவிவிடுகிறது.

டைரியை நோக்குவோம். சாரங்கனுக்குத் தேவைப்பட்டது டைரி என்றால் கதை முன்னமே முடிந்திருக்கும். அது அவனிடம் இருக்கிறதே! அவன் வேண்டுவது அதில் எழுதப்படும் சொற்களை. எழுத்தோடு வாழும் ஒருவரிடம் அவரது எழுத்தையே அவன் கேட்கிறான். பொருள் அவனுடையது, சொற்களும் அவனுடையவை, கை மட்டுமே அவருடையது. அவ்வாறாயின் அன்பளித்தவர் யார்? சிறுவனின் நிலையை இரங்கத்தக்கதாகக் காண்போர் உண்டு. நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. அவன் அழவில்லை, குறைகூறவில்லை, கெஞ்சவுமில்லை. தனக்கு உரியது என்று தான் நம்பும் ஓரிடத்தைத் தன் முயற்சியால் அமைத்துக்கொள்கிறான். இரக்கத்தை மட்டும் காணும் விளக்கம் இத்தன்மதிப்பை விட்டுவிடுகிறது. தன்மதிப்பை மட்டும் காணும் விளக்கமோ அச்செயலுக்குள் இருக்கும் வலியை விட்டுவிடுகிறது.

எனவே இக்கதையின் கருப்பொருளை ஒரு சொல்லாக அன்றி ஒரு கூற்றாகவே எழுத முடியும்: அன்பு செலுத்துவோரின் மனநிறைவு, அவ்வன்பிற்கு ஏங்குவோரை மறைத்துவிடக்கூடும், கேட்டுப் பெற்ற அன்பு அன்பாகுமா என்னும் வினாவைக் கதை விடையின்றி விடுகிறது. மாணவர் இதே சொற்களில் எழுத வேண்டியதில்லை. அவர் எழுதும் கூற்று டைரியையும் இறுதிக்காட்சியையும் தன்னுள் கொள்கிறதா என்பதே மதிப்பீட்டின் அளவுகோலாக வேண்டும். விடைப்பட்டியலில் உள்ள சொல் இடம்பெற்றதற்காகவே முழுப் புள்ளி வழங்குவதை நாம் ஏற்பதற்கில்லை.

இதே ஆசிரியரின் 'ராஜா வந்திருக்கிறார்' கதைக்கு 'வறுமை' என்று எழுதும் மாணவரிடம், தலைப்பில் வரும் ராஜா யார் என்று வினவிப் பார்க்கலாம். தீபாவளிக்குச் செல்வர் வீட்டிற்கு வந்திருக்கும் மாப்பிள்ளையும் ராஜா; ஏழைத்தாய் ஒருத்தி வீட்டிற்குள் அழைத்து உணவிட்ட ஆதரவற்ற சிறுவனின் பெயரும் ராஜா. இவ்விருவரையும் ஒரே பெயரால் ஆசிரியர் ஏன் அழைத்தார் என்று மாணவர் எண்ணத் தொடங்கும்பொழுது, 'வறுமை' என்னும் விடையை அவரே அடித்துவிட்டு மீண்டும் எழுதுவார்.