சாபமும் சாட்சியமும்

குறையோடு பிள்ளை பிறந்தால், "யாருடைய நாவூறு? எந்தத் தெய்வத்தின் கோபம்?" என்றே நம்மவர் முதலில் கேட்கின்றனர். இறக்கக்கண்டியில் வெங்காயப் பாத்திக்குக் கிருமிநாசினி தெளித்த கையோடு கைக்குழந்தையைத் தூக்கும் தகப்பன்மாரை நாம் காண்கிறோம். காற்றையும் கிணற்றையும் பற்றிய கேள்வி எவர் வாயிலும் எழுவதில்லை. அக்கேள்வியை எழுப்புவதனாலேயே, அம்பிகாசுதன் மாங்காடு 2009இல் வெளியிட்ட ‘என்மகஜே’ என்னும் மலையாள நாவல் நம் கவனத்துக்குரியதாகிறது.

என்மகஜே, கேரளத்தின் வடகோடியிலுள்ள காசர்கோட்டு மாவட்டத்து ஊர். அப்பகுதியின் மரமுந்திரிகைத் தோட்டங்கள் மீது 1970களின் நடுப்பகுதி முதல் 2000 வரை ஹெலிகொப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. தலை பருத்தும் கைகால் முடங்கியும் பேச்சு வராமலும் பிள்ளைகள் பிறந்தனர். நாவலில் ஊரார் இதனை ஜடாதாரித் தெய்வத்தின் சாபம் என்கின்றனர். உலகை வெறுத்துக் காட்டில் வாழும் நீலகண்டனும் தேவயானியும் புண் நிறைந்த ஒரு குழந்தையை ஏற்கும்போது, சாபக் கதையின் அடியில் கிடக்கும் நஞ்சு மெல்ல வெளிப்படுகிறது.

இத்தேடலே நாவலின் உயிர். இதற்கு உண்மை வரலாறும் உண்டு. கன்றுகள் ஊனமாய்ப் பிறப்பதைப் பத்திரிகையாளர் ஸ்ரீ பட்ரே எழுதினார். ஊர் மருத்துவர் மோகன்குமார் தம்மிடம் வந்த நோயாளரைக் கண்டு ஐயுற்றார். வேளாண் அலுவலர் லீலாகுமாரி 1998இல் வழக்காடினார். 2001இல் ஆய்வு நடத்திய ஆமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம், தெளிப்பு நின்று பல மாதங்களாகியும் பள்ளிப் பிள்ளைகளின் குருதியில் அந்நஞ்சு இருக்கக் கண்டது. பின்வந்த அரசுக் குழுக்களோ, நோய்க்கும் நஞ்சுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றன.

இங்கே நாவலின் குறையொன்றையும் சொல்லவேண்டும். ஊரின் எல்லா நோயையும் அது ஒரே நஞ்சின் தலையில் சுமத்திவிடுகிறது. சாபத்தை நம்பியவாறே நஞ்சையும் நம்புவது அறிவாகாது. ஐயம் அறிவியலின் உரிமை. ஆயினும் ஐயம் தீரும்வரை தெளிப்பை நிறுத்துவதா, தொடர்வதா? அதைத் தீர்மானித்தவர் எவர், அதன் விலையைக் கொடுத்தவர் எவர்?

அத்தோட்டங்களை நடத்தியது தனி முதலாளியன்று. கேரள அரசின் பெருந்தோட்டக் கழகம். இடதுசாரி அணியும் காங்கிரஸ் அணியும் மாறிமாறி ஆண்ட காலத்திலேயே நஞ்சு பொழிந்தது. அரசுடைமை என்றாலே மக்களுடைமை என்று கொள்ளும் நமக்கு இது கசப்பான பாடம்.

இறுதியில் நீலகண்டனும் தேவயானியும் மனித சமுதாயத்தைத் துறந்து குகைக்குள் புகுகின்றனர். கவிதைக்கு இது அழகாகலாம், போராட்டத்துக்கு ஆகாது. அவ்வூர்த் தாய்மாருக்குப் புகுவதற்கு எந்தக் குகையும் இருக்கவில்லை. பிள்ளைகளைத் தோளிற் சுமந்து அவர்கள் வீதிக்கு வந்தனர். 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானைத் தடைசெய்தது. 2017இல் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 இலட்சம் ரூபா வழங்கப் பணித்தது. நாவல் நின்ற இடத்தைக் கடந்து மக்கள் நடந்தனர்.

இலங்கையில் எண்டோசல்பான் 1998இலேயே தடைசெய்யப்பட்டது. ஆனால் போத்தலின் பெயர் மாறியதே அன்றி, வெறுங்கையால் மருந்து கலக்கும் நம் பழக்கம் மாறவில்லை. ஆசிரிய நண்பர்களே, இக்கதையை வகுப்பறையில் சொல்லுங்கள். எந்த மருந்து, எந்தக் கிணறு, எந்த மாதம், எத்தனை பிள்ளைகள் என்று குறித்துவைக்க மாணவரைப் பழக்குங்கள். சாபத்தை வெல்வதற்கு அந்தக் குறிப்பேடே முதற் கருவி.